கைக்கெட்டும் இடத்தில் ஒரு துணி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளிடையே, ஒரு ஜூன் மாதக் காலைப்பொழுதில், என்னைக் கண்ட ஒரு பெண்மணி தன் நாயின் வாரைச் சற்றே இழுத்துப் பிடித்து, இரண்டு நொடி நின்று, பிறகு திரும்பி வந்த வழியே விரைந்து நடந்தார். அப்போது என் மேல் இருந்தவை தலையில் ஒரு தொப்பி, காலில் காலுறையும் நடைக்காலணியும், முதுகில் ஒரு பை, வேறெதுவும் இல்லை. நாட்டுப்புறப் பாதைகளில் ஆடையின்றி நடக்கத் தொடங்கி எனக்கு அது நான்காவது கோடைக்காலம். இந்நாட்டுச் சட்டம் அதை அதனளவில் குற்றமாகக் கொள்வதில்லை என்பதையும் நான் நன்றாகவே படித்து வைத்திருந்தேன். அந்தப் பெண்மணி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை, பின்னர் எந்தப் புகாரும் எழவில்லை. ஆனாலும் வளைவில் மறைந்த அந்த முதுகு என் மனத்தை விட்டுப் போகவில்லை.

இந்தப் பழக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் சிலரே. கேட்பவர்களும் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்துவிட்டு, "பையில் என்னதான் எடுத்துப் போவீர்கள்?" என்றுதான் தொடங்குகிறார்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்பதைவிட அது எளிது போலும். அந்தக் கேள்விக்கு விரிவாக ஒரு பதில் எழுதிவிட வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். சூரியக் களிம்பில் தொடங்குவேன், தண்ணீருக்கு வருவேன், உண்ணிக்கு வருவேன். இறுதியில் ஒவ்வொரு முறையும் இடுப்பில் சுற்றும் அந்த ஒரு துணியில் வந்து நின்றுவிடுவேன். அன்று காலை அது பையின் அடியில், வெந்நீர்க் குடுவைக்கும் மழைச்சட்டைக்கும் கீழே, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பைக்குள் போன பாதி

ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் சொல்வது தோற்றத்தைப் பற்றி. ஆடையின்றி நடக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பழமொழி எனக்கு ஒரு சுமைக் கணக்காக மாறிவிட்டது. சட்டையும் காற்சட்டையும் நமக்காகச் சத்தமின்றிச் செய்துவந்த வேலைகள் எத்தனை என்பது அவற்றைக் கழற்றிய பிறகுதான் தெரிகிறது. நிழல் தந்தவை அவை. தோள்வாருக்கும் தோலுக்கும் இடையே மெத்தையாக இருந்தவை அவை. முள்ளுக்கும் பூச்சிக்கும் வேலியாகவும், சாவிக்கும் கைக்குட்டைக்கும் பெட்டியாகவும் இருந்தவை அவை. அந்த வேலைகள் ஒவ்வொன்றும் மாற்றுருவம் கொண்டு பைக்குள் ஏறுகின்றன. ஒன்றும் அணியாதவருக்குப் பை எதற்கு என்று கேட்கிறார்கள். ஒன்றும் அணியாததால்தான் பை என்பேன்.

முதலில் வெயில். மாநிற உடம்பை வெயில் ஒன்றும் செய்யாது என்ற எண்ணத்தோடு நான் முதல் கோடையில் நடந்தேன். அந்த எண்ணத்தை என் பிட்டமும் தொடையின் பின்புறமும் மூன்று நாள் எரிந்து திருத்தின. கறுப்புத் தோலின் நிறமியான மெலனின் ஓரளவு காப்பு தருவது உண்மைதான், ஆனால் பிறந்ததிலிருந்து சூரியனையே பார்த்திராத பகுதிகளுக்கு அந்தக் காப்பு பழக்கத்தில் இல்லை. சூரியக் களிம்பின் உறையில் அச்சிட்டிருக்கும் காப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்தபோது கிடைத்தது. அந்தக் கணக்குப்படி வளர்ந்த ஒருவரின் முழு உடம்புக்கு ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 35 மில்லிலிட்டர் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்பதையும் சேர்த்தால், ஆறு மணி நேர நடை ஒரு 200 மில்லிலிட்டர் புட்டியில் பாதியைக் குடித்துவிடும். முகத்துக்கும் கைக்கும் வாங்கிய சிறு குழாயை எடுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதியத்துக்குள் அவர்கள் மரநிழல் தேடத் தொடங்கிவிடுவார்கள். காப்பு எண் 30 உள்ள களிம்பே புற ஊதா பி கதிர்களில் 97 விழுக்காட்டைத் தடுத்துவிடுகிறது. 50-க்குப் போனால் கூடுவது ஒரு விழுக்காடுதான். ஆகவே எண்ணைக் கூட்டுவதைவிட அளவைக் கூட்டுவதே பயன்தரும். முதுகின் நடுப்பகுதிக்குக் கை எட்டாது. தனியாக நடப்பவருக்கு அங்கே பையே நிழல்.

அந்தப் பை இன்னொரு தொல்லையைத் தரும். வியர்வை ஆவியாகிப் போனபின் தோலில் தங்கும் உப்பு, தோள்வாரின் அடியில் மணல்தாள் போல வேலை செய்யும். மூன்றாவது மணி நேரத்தில் தோள் சிவக்கும், ஐந்தாவதில் தோல் உரியும். இடுப்பு வாருக்குப் பாரத்தை மாற்றினால் இடுப்பெலும்பின் மேல் அதே கதை தொடரும். இரண்டு மென்மையான பருத்தித் துண்டுகளை வாரின் அடியில் மடித்துச் செருகுவதும், அவ்வப்போது தண்ணீரால் உப்பைத் துடைத்துவிடுவதும், தொடைகள் உரசுமிடத்தில் வாஸ்லின் தடவுவதும் போதும் என்பது என் அனுபவம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுமை 6 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்கு ஆடை உடுத்தியே நடந்துவிடலாம்.

வியர்வை பற்றிப் பேசும்போது இந்த நடையின் இன்பத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இத்தனை தொல்லை எதற்கு என்று தோன்றும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்தே ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்லும். உடையில் ஊறி நசநசக்கும் வியர்வை அந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்யும். ஏற்றத்தில் ஏறி வியர்த்த உடம்பின் மேல் முகட்டுக் காற்று படும்போது ஏற்படும் குளிர்ச்சியை நான் வேறெதிலும் அறிந்ததில்லை. ஆனால் அதே குளிர்ச்சிதான் ஆபத்தும். ஆடையின்றி ஓய்வாக இருக்கும் மனித உடம்பு நடுங்காமலும் வியர்க்காமலும் இருக்க ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். இங்கிலாந்தின் கோடை அந்த அளவைத் தொடும் நாட்கள் சிலவே. நம்மைச் சூடாக வைத்திருப்பது நடைதான். நடப்பதற்கு ஆடை தேவையில்லை, உட்காருவதற்குத் தேவை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு கோடைகள் ஆயின. ஆகவே கம்பளிச் சட்டையும் காற்றைத் தடுக்கும் மேலங்கியும் கட்டாயம் வரும். கணுக்கால் பிசகி ஒரு மணி நேரம் ஓரிடத்தில் கிடக்க நேர்ந்தால் அவைதான் உயிர்காப்பு. உட்காருவதற்குத் தனியாக ஒரு துண்டு வேண்டும். மற்றவர்களும் உட்காரும் இருக்கையில் வெறும் உடம்போடு அமர்வதில்லை என்பது ஆடையின்மையை வாழ்வியலாகக் கொண்ட நேச்சரிஸ்டுகளிடையே எழுதாத சட்டம். நான் அறிந்தவரை அதை மீறியவர் யாருமில்லை.

செடிகளையும் பூச்சிகளையும் பற்றி விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். நம்மூர்க் காஞ்சொறிக்கு உறவுபோலத் தோன்றும் நெட்டில் செடியின் சுணைகள், சிலிக்கா முனை உடைந்து ஊசிபோல் தோலுக்குள் இறங்குபவை. எரிச்சல் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆற்றோரங்களில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் ராட்சத ஹாக்வீட் அப்படியல்ல. காக்கசஸ் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இன்று பிரிட்டன் முழுவதும் பரவிவிட்ட அதன் சாறு தோலில் பட்டு, பிறகு அங்கே வெயிலும் பட்டால், தீக்காயம் போன்ற கொப்புளங்கள் எழும். உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி அந்த இடத்தை வெயில் படாமல் மூடிவிட வேண்டும். மூட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். உண்ணிகள் மான் திரியும் இடங்களில், பெரணிப் புதர்களிலும் உயர்ந்த புல்லிலும் காத்திருக்கும். அவற்றைக் கொல்லும் பெர்மெத்ரின் மருந்து துணியில் ஊறவைப்பதற்கு உரியது, தோலில் பூசுவதற்கு அன்று. ஆக அந்தக் காவல் நமக்கு இல்லை. பூச்சிகளை விரட்டும் இக்காரிடின் அல்லது டீட் கலந்த பூச்சுதான் கதி. இதற்கு ஈடாக ஒரு வசதி உண்டு: உடையின் மடிப்புக்குள் ஒளிய உண்ணிக்கு இடமில்லை, ஓய்வுக்கு நிற்கும்போதெல்லாம் அக்குளையும் தொடையிடுக்கையும் முழங்காலின் பின்புறத்தையும் பார்த்துவிடலாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, சுடுவது எதுவும் கூடாது. பின்னர் சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவந்த வளையம் விரிந்தால் உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

பாக்கெட் இல்லாத குறையை ஓர் இடுப்புப்பை தீர்த்துவிடும். கைப்பேசியை நான் அதில் வைப்பதில்லை, முதுகுப்பையின் மேலறையில் வைக்கிறேன். ஆடையில்லாத ஒருவர் கேமரா உள்ள ஒரு கருவியைக் கையில் பிடித்தபடி பாதையில் எதிர்ப்பட்டால், எதிரே வருபவர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பார்த்தால் போதும். வழி பார்க்கத் தாள் வரைபடமே எடுத்துப் போகிறேன்.

கதவருகே இரண்டு நொடி

இவ்வளவையும் யோசித்துப் பை கட்டிய மனிதன்தான் அன்று காலை துணியை அடியில் வைத்திருந்தான். நெடுங்காலத்துக் காலடிகளும் வண்டிச் சக்கரங்களும் சுண்ணாம்பு மண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாக்கிய பாதைகள் அந்தப் பகுதியில் பல உண்டு. இருபுறமும் கரை தலைக்கு மேல் எழும்பியிருக்கும், மேலே மரக்கிளைகள் கூரைபோல் கவிந்திருக்கும். அத்தகைய பள்ளப்பாதை ஒன்று ஒரு வயலோரத்தில் முடிகிறது. முடியும் இடத்தில், கால்நடை தாண்டிவிடாதபடி ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய, வளைந்த வேலிக்குள் அசையும் மரக்கதவு. வயலுக்கு அப்பால் உயர்ந்த வேலிப்புதர், அதன் மறுபுறம் சாலை. நான் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வயலுக்குள் வந்தேன். காலை ஏழு மணிகூட ஆகவில்லை, சுற்றிலும் ஆள் அரவமில்லை. வழக்கமாக நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது போன பிறகே உடையைக் கழற்ற வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். அன்று எனக்குப் பொறுமை இல்லை. புதர் மறைவிலேயே கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தேன்.

கதவைத் திறந்து அதன் வேலிக்குள் நான் நின்றபோது அந்தப் பெண்மணி பள்ளப்பாதையின் வளைவில் திரும்பினார். எங்களிடையே இருபது அடி இருந்திருக்கலாம். என் கை தன்னால் பின்னால் போய்ப் பையின் வாயைத் தேடியது. துணி அங்கே இல்லை என்பது நினைவுக்கு வந்ததும், தொப்பியைக் கழற்றி முன்னால் பிடித்தேன். இன்று அதை நினைக்கும்போது அதைவிடக் கேவலமான ஓர் அசைவை என்னால் செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. "காலை வணக்கம்" என்று இயல்பாகச் சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. பழுப்பு நிறத்து அந்நியன் ஒருவன் என்பதும் அந்த இரண்டு நொடியின் கணக்கில் இருந்ததா என்று பிறகு பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் அந்தக் கேள்வியில் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது.

அன்று மாலை நான் செய்த முதல் வேலை சட்டத்தை மறுபடி வாசித்ததுதான். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, ஒருவர் தம் பிறப்புறுப்பை வேண்டுமென்றே காட்டியிருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அதைப் பார்ப்பவர் பதற்றமோ துயரமோ அடைய வேண்டும் என்ற நோக்கமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்கிறது. என் நோக்கம் அதுவல்ல. 1986-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அமைதியாக நடந்து போகிறவரை அதன்கீழ் கொண்டுவருவது எளிதன்று. அரசுத் தரப்பு வழக்குத்தொடர் துறையின் வழிகாட்டுதலும் நேச்சரிஸ்டின் கருத்து வெளிப்பாட்டு உரிமையையும் பொதுமக்கள் பதற்றத்துக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. இத்தனையையும் வாசித்து முடித்து, நான் குற்றவாளி இல்லை என்று எனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

பலகையும் வாக்கெடுப்பும்

ஆடையின்றி நடப்பவர்களின் பேச்சில் ஸ்டீபன் கோஃப் என்ற பெயர் தவறாமல் வரும். பிரிட்டனின் ராயல் மரைன் படை வீரராக இருந்த அவர், 2003-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான லேண்ட்ஸ் எண்டில் தொடங்கி, காலணியும் காலுறையும் தொப்பியும் முதுகுப்பையும் மட்டும் தரித்து, ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஜான் ஓ குரோட்ஸை 2004 ஜனவரியில் அடைந்தார். சாலைவழியில் அது ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஸ்காட்லாந்தில் அமைதியைக் குலைத்ததாக அவர் மீண்டும் மீண்டும் கைதானார். நீதிமன்றத்திலும் உடை உடுத்த மறுத்தார். விடுதலையாகிச் சிறை வாசலைத் தாண்டியதும் மறுபடி கைதானார். இப்படியே அவருடைய வாழ்வில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன. 2014 அக்டோபர் 28 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவருடைய பிடிவாதத்தை நான் ஒரு காலத்தில் வியந்ததுண்டு. அந்தத் தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தபோது என்னை நிறுத்தியது ஒரு சிறு விவரம்: தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற, முன்னறிவிப்புப் பெறாத மற்றவர்கள் என்று நீதிபதிகள் பொதுமக்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். முன்னறிவிப்புப் பெறாதவர்கள். நாய்வாரைப் பிடித்து நின்ற அந்தப் பெண்மணியை அதைவிடச் சரியாக எப்படிச் சொல்வது?

ஜெர்மனியில் இந்த முன்னறிவிப்பை ஒரு மரப்பலகையில் எழுதி முடித்துவிட்டார்கள். ஹார்ஸ் மலைப்பகுதியில் டாங்கரோடே என்ற ஊருக்கருகே 2010-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள நேச்சரிஸ்ட் பாதையின் வாயிலில், அம்மணமானவர்களைப் பார்க்க விருப்பமில்லாதவர் இதற்குமேல் போக வேண்டாம் என்ற பொருளில் எதுகையோடு இரண்டு வரி எழுதிய பலகை நிற்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர் தாமே முடிவெடுத்துப் போகிறார். அதற்கு ஓராண்டு முன்பு, 2009 ஏப்ரலில், சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்து மக்கள் திறந்தவெளிச் சபையில் கூடிக் கைதூக்கி, மலைகளில் ஆடையின்றி நடக்கத் தடை விதித்தார்கள்; மீறினால் 200 பிராங்க் அபராதம். பக்கத்து மாநிலமான அப்பென்செல் அவுஸ்ஸர்ரோடனில் சிறு குழந்தைகளோடு உணவருந்திக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைக் கடந்து போன ஒருவருக்கு விதிக்கப்பட்ட 100 பிராங்க் அபராதத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. இவ்விரண்டு நாடுகளையும் ஒப்பிட்டு ஒன்றைப் பழமைவாதம் என்றும் மற்றதை முற்போக்கு என்றும் பேசுவது எங்கள் கூட்டத்தில் வழக்கம். எனக்கு இப்போது அதில் உடன்பாடில்லை. பலகை இருந்த இடத்தில் சண்டை எழவில்லை, பலகை இல்லாத இடத்தில் எழுந்தது. வேறுபாட்டின் பெரும்பகுதி அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளம். அவை எதன் வாயிலிலும் எனக்காக ஒரு பலகையை நட முடியாது. அப்படியென்றால் பலகையை நான்தான் சுமந்து போக வேண்டும். எப்படி என்பதுதான் சிக்கல்.

துணியைக் கைக்கெட்டும் இடத்தில் வை, யாராவது எதிர்ப்பட்டால் சுற்றிக்கொள் என்பது எளிய பதில். நானும் அந்தக் கோடையிலேயே துணியை இடுப்பு வாரில் செருகிக்கொள்ளத் தொடங்கினேன். அரைக்காற்சட்டை இதற்கு உதவாது. காலணியோடு ஒற்றைக் காலில் தள்ளாடி அதை மாட்டும் அரை நிமிடம், எதையும் அணியாமல் நேராக நிற்பதைவிட மோசமான காட்சி. சுற்றி முடிச்சிடும் துணிக்கு மூன்று நொடி போதும். ஆனால் நெடுங்காலம் இப்படி நடந்து பழகியவர்களில் ஒரு சாரார் இதையே மறுக்கிறார்கள். பதறிப்போய் மூடிக்கொள்கிறவன் ஏதோ தவறு செய்து பிடிபட்டவன் போலத் தெரிவான், அவனுடைய பதற்றம்தான் மற்றவரைப் பதறச் செய்கிறது, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிக் கடந்துவிடுவதே நாகரிகம் என்பது அவர்கள் கட்சி. தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அதில் உள்ள உண்மை நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த அறிவுரையைச் சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

எந்தப் பக்கம் நின்றீர்கள்?

அதற்கடுத்த ஆண்டு, தனியாக நடப்பதை நிறுத்திக்கொண்டு ஒரு குழுவோடு நடக்கத் தொடங்கியிருந்தேன். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் பேசிக்கொண்டு வரும்போது, அந்தப் பேச்சொலியே நூறு அடி முன்னால் போகும் பலகையாகிவிடுகிறது. அந்தக் குழுவில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், ஓய்வு பெற்ற ஆசிரியை, நாற்பது ஆண்டுகளாக இப்படி நடப்பவர். மதிய உணவுக்கு உட்கார்ந்தபோது அவரிடம் கதவருகே நடந்ததைச் சொன்னேன். துணி எங்கே இருந்தது, தொப்பியால் என்ன செய்தேன், சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம் நான் விரித்துக்கொண்டே போனதை அவர் பழத்தை நறுக்கியபடி கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?"

எனக்குப் புரியவில்லை. வரைபடத்தை எடுத்து விரிக்கச் சொன்னார். பள்ளப்பாதையைக் காட்டினேன், கதவைக் காட்டினேன், வயலுக்கு அப்பாலுள்ள சாலையைக் காட்டினேன். "அவர் காட்டிலிருந்து சாலையை நோக்கி வந்தார். நடுவில் ஒரு கதவு, அதில் நீங்கள். இருபுறமும் ஏற முடியாத கரை. நீங்கள் கோட்டும் டையும் அணிந்து நின்றிருந்தாலும் எனக்கு அந்த இடம் பிடித்திருக்காது" என்றார். பிறகு, அந்தப் பெண்மணி திரும்பிப்போன வழியில் சாலையை அடைய எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னார். காட்டைச் சுற்றி, பண்ணைக்குப் பின்புறமாக, ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அவருடைய வண்டி எங்கே நின்றிருந்தாலும் சரி, ஓர் ஆளைத் தவிர்ப்பதற்காக ஒரு பெண் மக்கள் நடமாட்டமுள்ள பக்கத்தை விட்டு மறுபடி காட்டுக்குள்ளேயே தனியாகப் போயிருக்கிறார். ஓராண்டு முழுக்க நான் என் உடம்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவருடைய வழியைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அந்த அம்மையார் இதற்கு மேல் விளக்கம் எதுவும் தரவில்லை. நறுக்கிய பழத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, தம் காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிடுவதில் கவனமானார். பிற்பகல் முழுவதும் நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். குறுகலான இடங்களில் அவர் செய்வது ஒவ்வொன்றும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. வளைவுக்கு முன் சற்றுக் குரலை உயர்த்திப் பேசுவார். கதவுகளில் நிற்கவே மாட்டார், கடந்து போய் வெட்டவெளியில் நின்றுதான் மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். எதிரே தனியாள் வந்தால் பாதையை விட்டு இரண்டு எட்டு கீழே இறங்கி, வழியை முழுவதுமாக விட்டுக்கொடுத்து, அதன் பிறகே வணக்கம் சொல்வார். துணியை அவர் சுற்றிக்கொண்டது அன்று ஒரே ஒருமுறை, குழந்தைகளோடு ஒரு குடும்பம் மேட்டில் தெரிந்தபோது. அதுவும் அவர்கள் நூறு கெஜம் தொலைவில் இருக்கும்போதே, நடையை நிறுத்தாமல், கைக்கடிகாரத்தைச் சரிசெய்வது போல. அதைப் பையில் எங்கே வைத்திருந்தார் என்பதைக்கூட நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ஆகவே, என்ன எடுத்துப் போவீர்கள் என்று கேட்பவர்களுக்கு இப்போது என் பதில் கொஞ்சம் குழம்பிப் போயிருக்கிறது. களிம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், கம்பளிச் சட்டை, மேலங்கி, உட்காரும் துண்டு, இடுக்கி, கட்டுத்துணி, வரைபடம், விளக்கு, ஊதல். இவற்றைச் சொல்லிவிடலாம். ஊதலால் ஒரு நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது உதவி கேட்கும் அடையாளம் என்பதையும் சொல்லிவிடலாம். துணியைப் பற்றிச் சொல்லும்போதுதான் தயங்குகிறேன். அது இடுப்பு வாரின் இடப்பக்கம் இருக்கட்டும் என்பேன். எப்போது எடுப்பது என்று கேட்டால், முதலில் கதவை விட்டு வெளியே வாருங்கள் என்று தொடங்குவேன். கேட்டவர்கள் அதைப் பட்டியலில் எங்கே குறித்துக்கொள்வது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

சென்ற கோடையில் அதே பள்ளப்பாதைக்குத் தனியாகப் போனேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே துணியைச் சுற்றிக்கொண்டேன், சட்டையும் காற்சட்டையும் பையில். வயலைக் கடந்து கதவை நெருங்கும்போது உள்ளே நாய்ச்சங்கிலியின் ஓசை கேட்டது. கதவிலிருந்து பத்தடி தள்ளி வயலோரமாக, வழியை விட்டு ஒதுங்கி நின்றேன். கரையின் நிழலிலிருந்து ஒரு முதியவர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் தள்ளாடியபடி ஒரு கிழநாய். வணக்கம் சொன்னேன். அவர் என் வெறும் மார்பையும், துணியையும், துணிக்குக் கீழே தெரிந்த முழங்கால்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"உள்ளே போகிறீர்களா? நெட்டில் இந்த ஆண்டு இடுப்பளவுக்கு வளர்ந்து கிடக்கிறது. அந்தத் துணி போதாது" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு, புல்லில் உட்கார்ந்து, பையின் அடியிலிருந்து காற்சட்டையைத் தேடி எடுத்தேன்.